எறும்பு ஏறும் காபிச் செடி

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சில்வர் ஓக் நிழலில் காபி. அதே மரங்களில் படரும் மிளகு. சுற்றுலா வருகிறவர்கள் ஏரியோடு திரும்பிவிடுவார்கள். கோடையில் தோட்டத்துக்குள் இறங்கி நடந்தால், சில காபிச் செடிகளின் இலைகள் கரி பூசியதுபோல் இருப்பதைக் காணலாம்.

இலையைத் திருப்பினால் நடு நரம்பையொட்டிப் பச்சைச் செதில் பூச்சிகள் அப்பியிருக்கும். சாற்றை உறிஞ்சி அவை கழிக்கும் இனிப்பு நீரில்தான் அந்தக் கரும்பூசணம் வளர்கிறது. வளர்ந்த செடி தாங்கும், இளங்கன்று பட்டுப்போகும்.

இனிப்புக்கு வரும் எறும்புகள், செதில் பூச்சியைத் தின்னும் பொறிவண்டை அண்டவிடாது. எனவே எறும்பின் வழியை அடைப்பதுதான் முதல் வேலை. தரையையும் பக்கத்துச் செடியையும் தொடும் கிளைகளைக் கவாத்து செய்து, களையெடுக்க வேண்டும். தண்டில் பாலித்தீன் தாளைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவலாம். பட்டையில் நேரடியாகத் தடவக் கூடாது.

மழை பிடித்ததும் சில பூச்சிகளைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும். பூச்சியைக் கொல்லும் பூஞ்சாணம் அது. வளையம் நன்றாகப் பரவிய செடிக்கு மருந்துச் செலவு வீண். செத்த ஓடுகளும் எளிதில் உதிராது. அதைப் பார்த்துவிட்டு மறுபடி தெளிப்பவர்கள் உண்டு! நகத்தால் நசுக்கினால் ஈரம் ஒட்ட வேண்டும். தூளாக உதிர்ந்தால் செத்தது.

உயிருள்ளவை மிகுந்த செடிகளுக்கு மட்டும், குஞ்சுகள் ஊரும் பருவத்தில், லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் ரோசின் சோப் கரைத்து, இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தால் போதும்.