மூச்சென வரும் விருந்து

'ஆவி' என்ற சொல்லைப் போல ஒரே வேளையில் அச்சத்தையும் ஆறுதலையும் தரும் சொல் தமிழில் வேறொன்று உண்டோ என நான் பல முறை எண்ணியதுண்டு. மன்னாரிலே கல்லூரி மாணவருக்குத் தமிழ் கற்பிக்கும் நான் அச்சொல்லுக்குப் பொருள் கேட்கும்போதெல்லாம் இருவேறு விடைகள் எழும். பின்வரிசையிற் சிலர் 'பேய்' என்று கூறிச் சிரிப்பர். பேசாலையிலிருந்தும் வங்காலையிலிருந்தும் வரும் கத்தோலிக்கப் பிள்ளைகளோ, தாம் சிலுவை அடையாளம் வரைந்துகொள்ளும்போது உரைக்கும் திருப்பெயர்களுள் ஒன்று என்பர். இவ்விரண்டுக்கும் அடியிலே, 'மூச்சு', 'உயிர்' என்னும் பழம்பொருள் அமைதியாக இருக்கின்றது.

நான் சைவன். கிறிஸ்தவ நண்பர்களின் சமயத்தை அவர்களுக்கே எடுத்துரைக்கும் தகுதி எனக்கில்லை. ஆயினும், அயல்வீட்டு விளக்கின் ஒளி நம் முற்றத்திலும் விழுகின்றது என்று சொல்வதற்குத் தனியே ஒரு தகுதி வேண்டுமோ? அந்த ஒளியைப் பற்றியே இங்கு எழுதுகின்றேன்.

இப்பகுதிக் கத்தோலிக்கரின் பழைய செபங்களில் இறைவனின் ஆவிக்கு 'இஸ்பிரீத்து சாந்து' என்று பெயர். அது போர்த்துக்கேய மொழி தந்த பெயர். பின்னர் 'பரிசுத்த ஆவி' என்றாயிற்று. இந்நாளிற் கத்தோலிக்கர் 'தூய ஆவியார்' என்கின்றனர். பெயர் மாறினும் பொருள் மாறவில்லை. விவிலியத்தின் மூலமொழிகளுள் எபிரேயத்தில் 'ரூவாக்' என்பதும், கிரேக்கத்தில் 'நியூமா' என்பதும் காற்று, மூச்சு, ஆவி ஆகிய மூன்றையும் ஒருங்கே குறிப்பன. தமிழ்ச் சொல்லும் அவற்றுக்கு இணையாக வாய்த்தது ஒரு பேறே.

உயிர்த்த ஞாயிறு முதலாக எண்ணி ஐம்பதாம் நாள், தூய ஆவியின் வருகைப் பெருவிழாவாகிய பெந்தகோஸ்தே. அது மே மாத நடுப்பகுதிக்கும் ஜூன் மாத நடுப்பகுதிக்கும் இடையில் வருவது. மன்னார்த் தீவில் சோளகக் காற்று எழும் காலமும் ஏறத்தாழ அதுவே. எருசலேமில் இயேசுவின் சீடர்கள் கூடியிருந்தபோது, பெருங்காற்றைப் போன்ற ஓசை எழுந்து அவர்கள் இருந்த வீடு முழுவதையும் நிரப்பிற்று என்று விவிலியம் கூறுகின்றது. நிரம்பியது ஆலயமன்று, வீடு என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

காற்றைக் கண்டவர் எவருமிலர். அசையும் பனையோலையைக் கண்டு அதனை அறிகின்றோம். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட 'தம்பபவனி' மின்நிலையத்தின் 30 காற்றாலைகள் எங்கள் தீவின் தென்கரையில் நிற்கின்றன. அவை சுழலும்போது காற்றின் வலிமை கண்ணுக்குப் புலனாகின்றது. தூய ஆவியையும் அவ்வாறே செயலினாலன்றி அறிய இயலாது. அதனாலன்றோ பவுல் அடிகள் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில், அன்பு, மகிழ்ச்சி, அமைதி, பொறுமை முதலாகத் தன்னடக்கம் ஈறாக ஒன்பது நற்பண்புகளை ஆவியின் கனியெனக் குறிப்பிட்டார்! இவற்றுள் எதற்குத் திருவிழா வேண்டும்? எதற்கு மேளமும் கொடியும் வேண்டும்? பொறுமைக்கு உரைகல் அடுப்படி. தன்னடக்கத்துக்கு உரைகல் மீன்சந்தை. அமைதிக்கு உரைகல் ஒரே கூரையின் கீழ் வாழும் மாமியும் மருமகளும்.

பிரான்சு நாட்டிலே, பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடமொன்றில், 17ஆம் நூற்றாண்டில் லாரன்ஸ் என்னும் துறவுச் சகோதரர் வாழ்ந்தார். 1691இல் மறைந்த அவர் பெரும் படிப்பாளியல்லர். மடத்துச் சமையற்கட்டிற் பணிபுரிந்தவர். பாத்திரங்களின் ஓசைக்கும் பலருடைய ஏவல்களுக்கும் நடுவிலும், பீடத்தின் முன் முழந்தாளிட்டிருக்கும்போது உணர்வதைப் போலவே இறைவன் உடனிருப்பதை உணரலாம் என்பது அவர் வாழ்ந்து காட்டிய உண்மை.

அதே நூற்றாண்டில், நூலறிவாலன்றித் துன்பத்தால் இவ்வுண்மையைக் கற்றவர்கள் மன்னார்க் கத்தோலிக்கர். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது பெருங்குற்றமாயிற்று. மாந்தையிலிருந்த மாதாவின் திருவுருவத்தைச் சில குடும்பங்கள் 1670ஆம் ஆண்டளவில் காட்டினுள்ளே கொண்டு சென்று காத்தனர் என்பது மரபு. அவ்விடமே இன்று இனமத வேறுபாடின்றி மக்கள் திரளும் மடுத் திருப்பதி.

1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகள் ஓர் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். அதுவரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! வெளிப்படையான வழிபாடு இல்லை. பிறந்த குழந்தை வளர்ந்து, மணம் முடித்துத் தானும் ஒரு குழந்தைக்குப் பெற்றோராகும் காலமன்றோ அது? அடிகளார் கழுத்திற் செபமாலை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டார். அம்மாலையைக் கண்டதும் எந்த வீட்டார் முகம் மலர்கின்றது என்று பார்த்தே தம்மவரை அடையாளங்கண்டார் என்பர். கோயில் பறிபோன பின்னும் அம்முகங்களில் அந்த மலர்ச்சி எங்ஙனம் எஞ்சியிருந்தது? மாலை வேளையில் கதவைச் சாத்தித் தாய்மார் தாழ்ந்த குரலிற் சொல்லிக்கொடுத்த செபத்தினாலன்றி வேறெதனால் எஞ்சியிருக்கும்? ஆவியை வரவேற்க அவர்களிடம் இருந்தவை வீடும் மூச்சுமே. அவையே போதுமானவையாயின.

வரவேற்ற மூச்சை உள்ளேயே அடைத்து வைத்தல் இயலாது. வெளியே விட்டாலன்றி அடுத்த மூச்சு வாராது. 1697இல் கண்டி நகரிற் பெரியம்மை பரவியபோது, நோயாளரைப் பலர் கைவிட்டு ஓடினர். யோசேப் வாஸ் அடிகளும் அவருடைய மருகரான கார்வாலோ அடிகளும் தங்கிநின்று, இன்ன மதத்தார் என்று பாராது நோயாளரைப் பேணினர். கத்தோலிக்கரல்லாத மக்களும், பௌத்த மன்னரும் அவரை மதித்தமைக்கு இந்தத் தொண்டும் ஒரு காரணம். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ் அவர்கள், அன்றே மடுவுக்கும் வருகை தந்தார்.

இங்கே எங்கள் மண்ணின் நோவொன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. 1544இல் மன்னார்த் தீவில் கிறிஸ்தவத்தைத் தழுவிய அறுநூறு பேரளவில், யாழ்ப்பாணத்துச் சைவ மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரமோ போர்த்துக்கேயரால் இடித்தழிக்கப்பட்டது. இரு சாராரிடமும் ஆறாத வடு உண்டு. 2019 மார்ச்சில், மகா சிவராத்திரிக்கு முதல்நாள், திருக்கேதீச்சர வீதியின் முகப்பு வளைவு குறித்து எழுந்த பிணக்கில் அவ்வளைவு பிடுங்கி வீழ்த்தப்பட்டபோது, பழைய வடுக்கள் மீண்டும் கன்றின. அவ்வாரம் எங்கள் ஆசிரியர் அறையில் சைவரும் கத்தோலிக்கரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே தேநீர் அருந்தினோம்.

சிவராத்திரிக்கு மறுநாட் காலை, எங்கள் தெருவில் வாழும் கத்தோலிக்கத் தாயொருவர் வழமைபோலச் செம்பிற் பால் கொண்டுவந்தார். ஆண்டுதோறும் அவர் அவ்வாறு கொண்டுவருவதுண்டு. அவ்வாண்டு அவர் வருவாரென நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வளைவைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "சேர், அக்கா பாறணை முடிச்சிட்டாவோ? பால் சூடா இருக்கு, ஆற முதல் குடுங்கோ," என்றார். என் மனைவி உள்ளிருந்து வந்து செம்பை வாங்கியபோது இருவர் கண்களும் கலங்கின. சிறிது நேரம் திண்ணையில் இருந்துவிட்டுப் பூசைக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனார்.

தூய ஆவி இறங்குவது எத்தகையது என்று எவரேனும் என்னை வினவினால், இறையியல் நூல்களை நான் புரட்டமாட்டேன். அந்தச் செம்புப் பாலையே காட்டுவேன். தம்மவர் முகஞ்சுளிப்பரோ, அயலார் கதவடைப்பரோ என்ற அச்சம் அத்தாய்க்கு இருந்திராது என்று சொல்ல முடியுமா? அச்சமிருந்தும் படலையைத் திறந்து வந்த துணிவு, அவர் நாள்தோறும் வேண்டிப் பெறும் ஆவியின் கொடையே என்று நம்புகின்றேன்.

'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். திருவள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். இறைவனை வரவேற்பதும் இல்லறத்தின் பாற்பட்டதே. கிறிஸ்தவ இல்லங்களில் மாலைச் செபத்துக்கெனக் கால்மணி நேரம் கைத்தொலைபேசிகள் ஓய்ந்திருக்கட்டும். செபம் முடிந்தபின், அன்று யாருடன் முகங்கோணினோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்து, மறுநாள் அவரிடம் முதற்சொல் பேசட்டும். சைவ இல்லத்தாராகிய நாமும் தேவாரம் ஓதியபின் அதனையே செய்யலாம். மாணவச் செல்வங்களே, தேர்வுக்குமுன் ஆவியின் துணையை வேண்டுகின்றீர்கள், நன்று. அருகிலிருக்கும் வேற்றுச் சமயத் தோழனுக்கு விளங்காத பாடத்தை விளக்கும்போதும் அதே துணையை வேண்டுங்கள். அவ்வேண்டுதல் வீண்போகாது.