வியாழக்கிழமை ஆறு பேர்

எழுதுகிறவர்களுக்கு என்னென்ன துணை வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். நல்ல பேனா, ஃப்ளாஸ்க் நிறையக் காபி, ஊருக்குப் போயிருக்கும் குடும்பம்... எனக்கு வாய்த்த துணை, பாளையங்கோட்டையில் ஆறு ஆச்சிமார்கள்.

என் அப்பா தேரிக்காட்டுக் கிராமங்களில் சைக்கிள் மிதித்தே முப்பத்தொரு வருஷம் உபதேசியாராக இருந்தவர். அவரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதப் போவதாக 2011இல் சித்தியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சித்தி வீட்டுத் திண்ணையில்தான் வியாழக்கிழமை ஜெபக்கூட்டம். அடுத்த வாரமே அவர்கள் நோட்டில் நான் ஏறிவிட்டேன். எட்டிப் பார்த்தேன். ஒரு மூல ஆபரேஷனுக்கும் காணாமல் போன ஒரு வெள்ளாட்டுக்கும் நடுவே என் இலக்கியம்!

வெள்ளாடு மூன்றாம் நாள் கிடைத்துவிட்டது. என் புத்தகம் அப்படி லேசில் கிடைப்பதாக இல்லை.

புதன்கிழமை ராத்திரி ஆனால் சித்தி வந்து நிற்பாள். "ஏல, எத்தனை பக்கம் ஆச்சு? நாளைக்குக் குறிப்பு சொல்லணும்லா?"

ஒருநாள் எரிச்சலில், "நாற்பது" என்றேன். உண்மையில் எழுதியிருந்தது பதினொன்று. மறுநாள் தெருவோடு போகும்போது காதில் விழுகிறது... அந்த நாற்பது பக்கத்துக்காகச் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்! இல்லாத இருபத்தொன்பது பக்கங்களுக்கு ஆண்டவர் நன்றி வாங்கிக்கொண்டிருக்கிறார். உங்களுக்கானால் தூக்கம் வருமா? பத்து நாளில் அந்தக் கடனை எழுதி அடைத்தேன். ஜெபம் எழுதாது சார், எழுத உட்காரவைக்கும்.

பெரியவர்களே இந்தத் துணையைத் தேடியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. இசைமேதை பாக் தன் இசைப் பிரதிகள் பலவற்றின் தலையில் 'ஜெ. ஜெ.' என்று எழுதுவாராம். நம்மூர்க்காரர்கள் அவசரப்பட வேண்டாம். 'இயேசுவே, உதவும்' என்பதற்கான லத்தீன் எழுத்துகள் அவை. கிட்டத்தட்ட பிள்ளையார் சுழி மாதிரி. நம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து அடிபட்டபின், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். அங்கிருந்தபடியே புத்தகம் புத்தகமாக எழுதினார். அப்போஸ்தலர் பவுலோ சங்கிலியோடு இருந்தபோது எபேசு சபைக்கு ஒரு நிருபம் எழுதுகிறார். ஆறாம் அதிகாரத்தில் தனக்காக ஜெபிக்கச் சொல்கிறார். சங்கிலி கழல வேண்டும் என்றா? இல்லை. பேச வார்த்தையும் தைரியமும் வேண்டும் என்று!

எனக்குத் தைரியம் நிறையவே இருந்தது. அதுதான் வம்பு.

ஏழாம் அத்தியாயம். ஒரு ஸ்தோத்திரப் பண்டிகை ஏலக் கணக்கில் முந்நூற்றுப் பத்து ரூபாய் குறைகிறது என்று சொல்லி, சபையில் பெரிய பொறுப்பில் இருந்த ஒருவர் அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தினார். இரண்டு வருஷம் கழித்து, கூட்டலில்தான் தப்பு என்று தெரிந்தது. அப்பாவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. அந்த மனிதரை நான் பேனாவால் தோலுரித்திருந்தேன். எழுதி முடித்து எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

"வாசிச்சுக் காட்டு தம்பி. எதுக்கு ஜெபிக்கோம்னு எங்களுக்குத் தெரியாண்டாமா?" என்றார்கள். திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். கருப்பட்டிக் காபி ஆறிப்போயிற்று. மூலையிலிருந்த ஓர் ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நம் எழுத்து வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் ஒரு பூரிப்பு.

மற்றவர்கள் ஏன் தலைகுனிந்திருந்தார்கள் என்று சித்திதான் பிறகு காதோடு சொன்னாள். "அவ அவரோட கூடப்பிறந்த தங்கச்சில்லா."

எட்டு மாதமாக என் புத்தகத்துக்காக ஜெபித்தவள் அவள்!

அதை எடுத்துவிடு என்று அவள் கேட்கவில்லை. கடைசி ஜெபத்தை அவள்தான் செய்தாள். "அண்ணன் செஞ்சது தப்புதான் ஆண்டவரே. இந்தப் பிள்ளை எழுதுறது எல்லாம் உண்மையா மட்டும் இருக்கட்டும்." அவ்வளவுதான். ஆமென்.

அன்றைக்கு ராத்திரி அத்தியாயத்தை மறுபடி படித்தேன். அப்பா சபைச் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த மனிதர் சிரித்தார் என்று ஒரு வரி இருந்தது. இருந்ததிலேயே நல்ல வரி அது. ஆனால் நான் அங்கே இல்லை. அவர் சிரித்ததாக அப்பா ஒருநாளும் சொன்னதும் இல்லை. சிரிக்க வைத்தது நான்! அதே சமயம், தெரிந்தும் எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது. வேலையில்லாத அந்த இரண்டு வருஷமும் குடும்ப ஜெபத்தில் அப்பா அந்த மனிதர் பெயரைச் சொல்லி ஜெபித்தார். பசியோடு முழங்காலில் நின்று நான் கேட்டிருக்கிறேன். எழுதினால் அத்தியாயத்தின் காரம் குறைந்துவிடும் என்று விட்டிருந்தேன்.

ஒரு வரி போயிற்று. ஒரு வரி வந்தது. கணக்கும் அநியாயமும் அப்படியே இருக்கின்றன. இப்போது படித்தால் அந்த மனிதரைவிட அப்பாதான் நன்றாகத் தெரிகிறார். புத்தகமே அவரைப் பற்றியதுதானே!

2013இல் முந்நூறு பிரதி அச்சிட்டோம். நூற்றிருபது இன்னும் என் கட்டிலுக்கடியில் பத்திரமாக இருக்கின்றன. சமர்ப்பணத்தில் பெயர் போடட்டுமா என்று அந்த ஆச்சியிடம் கேட்டேன். "எதுக்குய்யா? கேக்குறவருக்குத் தெரியும்லா" என்றாள். அதனால் 'வியாழக்கிழமை ஆறு பேருக்கு' என்று மட்டும் போட்டேன்.

இப்போது நாலு பேர்தான் இருக்கிறார்கள். அந்த ஆச்சியும் போய்விட்டாள். போன வாரம் சித்தி நோட்டோடு வந்து நின்றாள். "அடுத்து என்னல எழுதப் போற?"

சொன்னேன்.

"எத்தனை பக்கம் ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை சித்தி" என்றேன்.

சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பரவாயில்ல, திருந்திட்டே" என்று சொல்லிக்கொண்டே குறித்துக்கொண்டாள்.