கீழ்வீட்டு நுரை

மே 4, 2024, சனி

தம்பி பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டான். துணிமணி ஒரு பையில். மற்றதெல்லாம் வெள்ளை பிளாஸ்டிக் டிரம்கள், ரப்பர் குழாய்கள், பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஹைட்ரோமீட்டர். அம்மா டிரம்மைத்தான் முதலில் பார்த்தாள். "என்னல இது?" என்றாள். "இஞ்சி சோடாம்மா. கீழ்வீட்டுல போடப் போறோம்" என்றான். அவள் அடுக்களைக்குள் போனவள் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தாள்.

இன்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். அப்பா இருந்த காலத்தில் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மறுபடி எடுத்திருக்கிறேன். வீட்டில் ஒருவருக்கொருவர் வாய்விட்டுப் பேசாத நாட்களுக்கு எனக்கு இதுதான் துணை.

மே 6

கீழ்வீடு டிசம்பரிலிருந்து காலி. மிக்ஜாம் புயலில் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் தெருவுக்குள் வந்தபோது குடியிருந்தவர்கள் போனார்கள், திரும்பவில்லை. சுவரில் நீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறது. தம்பியும் அவன் நண்பர்கள் இருவரும் அதைச் சுரண்டி வெள்ளையடிக்கிறார்கள். ஒருவன் எதிர்வீட்டுப் பையன், கன்டெய்னர் யார்டில் வேலை. இன்னொருவன் கம்பெனி லேபில் இருக்கிறான். ஒன்றாம் வகுப்பிலிருந்து சேர்ந்தே திரிந்தவர்கள்.

தம்பி பெங்களூரில் அறைத்தோழர்களோடு ஞாயிறுதோறும் பீர் தயாரித்துப் பழகி, பிறகு ஒரு பீர்க்கூடத்திலேயே உதவியாளாகச் சேர்ந்தவன். அவனுக்குக் கைவந்த வித்தை பீர்தான். இங்கே அதைத் தொட முடியாது. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் போடுவது குற்றம். அதனால்தான் இஞ்சி.

மே 9

படிக்கட்டில் ஈஸ்ட் வாசனை. அம்மா கீழே இறங்குவதையே நிறுத்திவிட்டாள். பாலுக்கும் என்னைத்தான் அனுப்புகிறாள்.

மே 12, ஞாயிறு

நேற்றிரவு மொட்டைமாடியில் வெகுநேரம் பேச்சு. மின்சாரம் இல்லை. டிரெய்லர் லாரிகள் பொன்னேரி சாலையில் விடாமல் போய்க்கொண்டிருந்தன.

தம்பி சொல்லச் சொல்ல, அவன் எதற்கு ஆசைப்படுகிறான் என்பது கொஞ்சம் பிடிபட்டது. 2009-இல் புணேயில் டூலாலி என்ற பீர்க்கூடம். 2010-இல் பெங்களூர் இந்திரா நகரில் மூன்று நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய டாய்ட். அமெரிக்காவில் வீட்டில் பீர் போடலாம் என்று கார்ட்டர் கையெழுத்திட்டது 1978-இல்தானாம். சிகோ என்ற ஊரில் வீட்டில் போட்டுப் பழகிய கென் கிராஸ்மேன், பால் பண்ணைகளில் கழித்துக்கட்டிய தொட்டிகளை வாங்கி வைத்து, 1980-இல் சியரா நெவாடா மதுவாலையின் முதல் பீரை இறக்கினார். "அந்தத் தொட்டியப் பத்தி நெனச்சா தூக்கம் வராதுக்கா" என்றான். எதிர்வீட்டுப் பையன் உடனே, யார்டில் ஏலம் போகும் பழைய ஸ்டீல் டாங்க் விலையைச் சொன்னான்.

நான் அவர்களுக்கு நம் பக்கத்துக் கதையைச் சொன்னேன். தென்னிந்தியாவில் சின்னச் சின்னதாக இருந்த ஐந்து மதுவாலைகளை 1915-இல் தாமஸ் லீஷ்மன் ஒன்றாக்கியதுதான் யுனைடெட் புரூவரீஸ். பட்டாளங்களுக்கு மாட்டுவண்டியில் பீப்பாய் பீப்பாயாகப் போயிருக்கிறது. சிறியவற்றைச் சேர்த்துப் பெரிதாக்க அந்தத் தலைமுறைக்கு ஆசை. இந்தப் பையன்களுக்கு ஒரு தெருவுக்குப் போதுமான அளவு செய்தால் போதுமென்று ஆசை. போடுகிறவனின் முகம் குடிக்கிறவனுக்குத் தெரிய வேண்டும் என்கிறான் தம்பி.

அப்பா குடித்த எதையும் யார் செய்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. இதை அவனிடம் சொல்லவில்லை.

மே 15

இஞ்சியைத் தோலோடு துருவி, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து, தினமும் கொஞ்சம் தீனி போட்டு வளர்க்கிறார்கள். தோலில் தானாகவே இருக்கும் ஈஸ்ட்தான் வேலை செய்கிறது. முதலில் போட்டதில் ஒரு குமிழ்கூட வரவில்லை. லாரித் தண்ணீரில் குளோரின் தூக்கல். கொதிக்கவைத்து, இரவெல்லாம் திறந்து வைத்து ஊற்றச் சொன்னேன். அப்புறம் போட்டது நுரைத்தது.

வேதியியல் நடத்துகிறவள் என்றாலும் இந்தச் சங்கதியை நான் கண்ணால் பார்த்ததில்லை. 1892-இல் மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலர் இஞ்சி பீரை ஆராய்ந்து, அதில் ஈஸ்ட்டும் ஒரு பாக்டீரியாவும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வாழ்கின்றன என்று காட்டினார். ஒன்று விடுவதை மற்றது தின்கிறது. பையன்களிடம் சொன்னதும் லேப் பையன் கம்பெனி மைக்ரோஸ்கோப்பைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

மே 19

ஒரு பாட்டில் வெடித்தது. யாருக்கும் அடியில்லை. இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை.

மே 20

வெடித்ததற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. லிட்டருக்கு நான்கு கிராம் சர்க்கரை புளித்தாலே, அந்தத் திரவத்தின் கன அளவுக்குச் சமமான கரியமில வாயு வந்துவிடும். பாட்டிலில் இருந்ததோ அதைப்போலப் பல மடங்கு. அக்னி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் சார்ப்பின் கீழ், இரண்டு நாள் வேலை சில மணி நேரத்தில் முடிந்திருக்கிறது. இனி ஒவ்வொரு தடவையும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் நிரப்பி வைப்பார்கள். அமுக்கினால் கல்லாக இருந்தால் எல்லாவற்றையும் ஐஸ் பெட்டிக்கு மாற்ற வேண்டும்.

மே 26, ஞாயிறு

பொன்னேரி சாலையோரம் பதநீர் விற்கிறார்கள். அம்மாவுக்கு ஒரு பாட்டில் வாங்கிவந்தேன். ஒரு வாய் குடித்தவள், "சுண்ணாம்பு கூடிப்போச்சு" என்றாள். பிறகு தானாகவே பேச ஆரம்பித்தாள். அம்மாவின் தாத்தா பனையேறி. விடியுமுன் ஏறி, பாளை சீவி, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டுவார். சுண்ணாம்பு இருந்தால் பயினி, அதாவது பதநீர், இல்லாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் கள். "ஒரே மரம், ஒரே பாளை. கலயத்த மோந்து பாத்தே எந்த மரத்துதுன்னு சொல்லுவாரு." 1987-இல் கள் தடையானபோது ஊரில் பலர் மரத்தை விட்டு இறங்கி மதராஸுக்கு வந்தார்கள். இந்த மணலி புதுநகரில் அம்மா ஊர்ப் பக்கத்துச் சனம் இத்தனை இருப்பதும், புரட்டாசியில் அய்யா வைகுண்டர் தேர் பார்க்க இத்தனை கூட்டம் கூடுவதும் இப்படிப் பல ஊர்களிலிருந்து இறங்கி வந்தவர்களால்தான்.

"உங்கப்பா குடிச்சது அந்தக் கள்ளு இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஜூன் 10

பள்ளி திறந்தது. பதினோராம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை.

ஜூன் 20, வியாழன்

கள்ளக்குறிச்சி. கருணாபுரத்தில் கள்ளச்சாராயச் சாவு முப்பதைத் தாண்டிவிட்டது. ஒரே தெருவில் வரிசையாகப் பந்தல் போட்டிருப்பதை டிவியில் காட்டுகிறார்கள். அம்மா பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கீழே டிரம் பொங்கும் சத்தம் மேலே கேட்கிறது. எனக்கு அதை அப்படியே சாக்கடையில் கவிழ்த்துவிட வேண்டும் போல இருந்தது. தம்பி மூடியை இறுக்கிவிட்டு வந்து அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

ஜூன் 22, சனி

எதிர்பார்த்ததுதான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். காவலர் ஒருவர் வந்தார், நடுவயது, வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. தம்பி முகம் வெளுத்துவிட்டது. நான் கீழே இறங்கிப் போனேன்.

"தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். இப்ப எல்லா எடத்துலயும் பாக்கச் சொல்லிருக்காங்க." டிரம்மைச் சுற்றி வந்தார். "இது காய்ச்சறதா, புளிக்க வெக்கறதா?"

சரியான கேள்வி. இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். புளிக்கவைப்பதுதான், அடுப்பும் இல்லை, வடிகுழாயும் இல்லை என்று காட்டினேன். பிறகு வகுப்பில் சொல்வதுபோல் ஆரம்பித்துவிட்டேன். கருணாபுரத்தில் ஆட்களைக் கொன்றது மெத்தனால். சர்க்கரையை ஈஸ்ட் தின்று அதை இப்படிச் சாகிற அளவுக்கு உண்டாக்காது. அது தொழிற்சாலைச் சரக்கு, எங்கிருந்தோ கைமாறிச் சாராயத்தில் கலக்கப்படுகிறது. போன வருஷம் மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் அதேதான். பார்வைக்கும் வாசனைக்கும் சாராயம் மாதிரியே இருக்கும். உடம்புக்குள் போனபின் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்னும். ஆஸ்பத்திரியில் சில சமயம் அதை முறிக்க எத்தனாலையே கொடுப்பார்கள், இரண்டுக்கும் ஈரலில் ஒரே நொதி என்பதால்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். "எங்க பெரியப்பா மவன் ஒர்த்தன். உயிர் பொழச்சிக்கினான். கண்ணு ரெண்டும் போச்சு" என்றார். ஒரு பாட்டிலைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்தார், குடிக்கவில்லை. "நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா பேப்பர் இல்லாம வாசன மட்டும் இருந்தா நாளைக்கி வேற ஆள் வருவாரு. பதிவு பண்ணி செவுத்துல மாட்டுங்க."

போகும்போது தம்பியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவன் வெகுநேரம் டிரம் பக்கத்திலேயே நின்றான்.

ஜூன் 29

சட்டமன்றத்தில் மதுவிலக்குத் திருத்தம் நிறைவேறியது. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை, பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதம். கள்ளக்குறிச்சியில் சாவு அறுபதைத் தாண்டிவிட்டது.

தண்டனை வரட்டும், வேண்டியதுதான். ஆனால் அந்தத் தெருவில் செத்தவர்கள் கூலிக்காரர்கள். கடைச்சரக்கு வாங்கக் காசு பத்தாதவர்கள் சாராயப் பாக்கெட்டை வாங்கினார்கள். அவர்களுக்கு எட்டுகிற விலையில், இன்னார் செய்தது என்று தெரிந்து குடிக்க ஊரில் ஒன்றும் மிச்சம் இல்லை. இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 3

தலைவலி. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பரிசோதனைக்கு அனுப்பிய சாம்பிளின் முடிவு வந்தது: ஆல்கஹால் 1.1 சதவீதம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிப்படி 0.5-ஐத் தாண்டினாலே மதுபானம். ஆண்டு வியாபாரம் பன்னிரண்டு லட்சத்துக்குள் என்றால் நூறு ரூபாயில் பதிவு கிடைக்கும் என்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள்.

சண்டை. லேப் பையன், பாட்டிலை 65 டிகிரி தண்ணீரில் வைத்து ஈஸ்ட்டைக் கொன்றுவிடலாம் என்கிறான். எதிர்வீட்டுப் பையன், சிலிண்டரில் கேஸ் ஏற்றிவிட்டால் வேலை சுலபம் என்கிறான். "அப்போ கடைல விக்கிற சோடாக்கும் இதுக்கும் என்னடா வித்தியாசம்?" என்று தம்பி கத்தினான். "பெங்களூர்ல இதே வேலைய தல நிமிந்து செய்யலாம்டா. இங்க போலீஸுக்குப் பதில் சொல்லிக்கினு..." என்று லேப் பையன் பாதியில் நிறுத்தினான்.

அம்மா மேலிருந்தே கேட்டாள்: "எத்தன நா வச்சிருந்தானாம்?"

நான்கு நாள் என்றேன்.

"நாலு நாளா! பயினிய யாராவது நாலு நா வைப்பாவளா? காலைல எறக்குனா வெயிலுக்கு முன்ன வித்துறணும். கொஞ்சமா போடச் சொல்லு."

நான் கீழே போய் அப்படியே சொன்னேன். யாரும் பதில் பேசவில்லை. லேப் பையன் மட்டும் பேனா எடுத்தான்.

ஜூலை 21

ஒரு நாள் மட்டும் புளித்தது. ஹைட்ரோமீட்டர் கணக்கில் அரை சதவீதத்துக்குக் கீழே. ஆனால் அந்த அளவில் ஹைட்ரோமீட்டரை நம்ப முடியாது, மறுபடி அனுப்பவேண்டும். ருசி லேசு. இஞ்சியின் காட்டம் தொண்டையில் நிற்கிறது. எதிர்வீட்டு அக்கா இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, நாளைக்கும் இருக்குமா என்று கேட்டார்.

ஜூலை 28, ஞாயிறு

லேப் பையன் பெங்களூரு போய்விட்டான். ஒரு பீர்க்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சென்ட்ரலுக்குத் தம்பிதான் வண்டியில் கொண்டுபோய் விட்டான். திரும்பி வந்து டிரம்மைக் கழுவினான். கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. லேப் பையன் எழுதிவைத்துப் போன அளவுக் குறிப்பு மட்டும் சுவரில், வெள்ளக்கோடு இருந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 2

பள்ளிக்குப் போகுமுன் டிரம்மை முகர்ந்து பார்த்தேன். இன்று கொஞ்சம் முந்திவிட்டது. மத்தியானத்துக்குள் எடுத்துவிடச் சொல்லித் தம்பிக்குச் சீட்டு எழுதி வைத்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இரண்டாவது சாம்பிள் முடிவு இன்னும் வரவில்லை. பதிவுக்கு வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். வீடு அம்மா பெயரில். மதியம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "வெடிச்சா யாரு பொறுப்பு?" என்றாள். தம்பி, நான்தான் என்றான். "வாங்கிக் குடிச்சவனுக்கு ஒண்ணுன்னா?" அதற்கும் நான்தான் என்றான். அதையும் கடிதத்தில் எழுதச் சொல்கிறாள். இப்படியெல்லாம் எழுதத் தேவையில்லை என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. தம்பி எழுதிக்கொண்டிருக்கிறான். கையெழுத்துப் போடுவாளா என்று இன்னும் சொல்லவில்லை.