களி கிண்டினால் காடு பிழைக்கும்

சகோதரிகளே, நாம் உலையில் எதைப் போடுகிறோம் என்பது நம் வீட்டோடு முடிகிற விஷயமில்லை. எங்கோ ஒரு காட்டில் எதை விதைப்பது என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. இதை எனக்குப் புரியவைத்தவன் என் தம்பி.

தர்மபுரிப் பக்கம் அவனுக்கு மூன்று ஏக்கர். போர் போட்டு நெல் வைத்தான். தண்ணீர் வருஷா வருஷம் கீழே போய், ஒரு கோடையில் போரே வற்றிவிட்டது. "பிளாட் போடக் கேக்கறாங்கக்கா, குடுத்துடட்டுமா?" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அம்மா களையெடுத்த மண்ணாயிற்றே!

"மானாவாரியா ராகி போடேன்டா."

"போடலாம். வாங்கித் தின்ன ஆள் வேணுமே?"

நியாயமான கேள்வி! எங்கள் தெருவில் பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் சேர்ந்து, வீட்டுக்கு மாதம் ஐந்து கிலோ எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தோம். முதல் வருஷம் ஒரு ஏக்கர். மழையை மட்டும் நம்பி விளைந்தது. இந்த வருஷம் இரண்டு ஏக்கர். பிளாட் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது.

"களியா? ஜெயில்ல போடறதாச்சே!" என்று கேலி செய்தார் என் வீட்டுக்காரர். கீரைக் குழம்போடு வைத்ததும் சத்தம் அடங்கிவிட்டது!

லாபம் நமக்கும்தான். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியில் சுமார் 10தான். நெல் வயலில் தேங்கும் தண்ணீரிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயு பூமியைச் சூடாக்குகிறது. புன்செய்த் தானியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. 2023-ஆம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது சும்மா இல்லை.

அதற்காக அரிசியை அடியோடு விட வேண்டாம். ஒரு வேளை மாற்றினால் போதும். இட்லிக்குப் போடும் அரிசியில் பாதிக்குச் சாமை போடுங்கள்; யாருக்கும் தெரியாது. கம்பை ஊறவைத்து, பருப்போடு அரைத்து அடை வார்க்கலாம். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி அரைத்து, பால் வடிகட்டிக் காய்ச்சிக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: சிறுதானியம் சர்க்கரை வியாதிக்கு மருந்து அல்ல. கூழாகக் குடித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும். களியோ அடையோ அளவாக, கீரை, பயறோடு சாப்பிடட்டும். மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அடுத்த மாத மளிகைச் சீட்டில் இரண்டு கிலோ கேழ்வரகு எழுதிப் பாருங்களேன். அதை நம்பி ஒரு தம்பி விதைப்பான்.