ஒட்சிசன் போடாதை எண்டு சொன்னனான்

முதலாளியின் தரப்பு முழுவதும் ஒரே வாக்கியத்தில் நின்றது: "ஒட்சிசன் போடாதை எண்டு பொடியனுக்கு நான் சொன்னனான்."

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்கள் எழும்ப, திருகோணமலைப் பட்டணத்தை ஒட்டிய பாலையூற்றிலும் மேல்மாடிகள் விருந்தினர் அறைகளாக மாறிக்கொண்டிருந்தன. அப்படி ஒரு வீட்டில் கீழே இருந்த பழைய ஏ.சி.யை மேலறைக்கு மாற்றும் வேலை. வெளியே நிற்கும் பெட்டி நின்ற இடத்திலேயே நிற்க, செப்புக் குழாயை மட்டும் நீட்டி ஒட்டினார்கள். ஒட்டு கசிகிறதா என்று பார்க்கவேண்டும். கைக்கெட்டிய தூரத்தில் வெல்டிங் செட்டின் ஒட்சிசன் சிலிண்டர். என் கட்சிக்காரனான பொடியன் அதன் குழாயை கேஜில் மாட்டி வால்வைத் திறந்தான். கொம்பிரசர் வெடித்தது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. முகத்தில் தீக்காயம்.

நெருப்பே இல்லாத இடத்தில் எப்படித் தீப்பிடித்தது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். கொம்பிரசருக்குள் எண்ணெய் இருக்கிறது. அழுத்தம் ஏற்றப்பட்ட ஒட்சிசன் எண்ணெயைத் தொட்டால் தீக்குச்சி தேவையில்லை. வாயு சட்டென்று அமுங்கும்போது எழும் சூடே போதும். டீசல் எஞ்சின் ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஓடுவதும் இதே விதியில்தான். வெறும் காற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. ஏ.சி. கழற்றும்போது காஸை வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைப்பார்கள். அந்நேரம் குழாய் திறந்துகிடந்து காற்று உள்ளே போனால் கொம்பிரசர் வெடிக்கலாம் என்று ஜப்பானில் அதிகாரிகளே எச்சரித்திருக்கிறார்கள்.

பொடியனின் தகப்பனாருக்கு மாவட்ட நீதிமன்றத்தில் பெரிய தொகைக்கு வழக்குப் போட ஆசை. நான் மறித்தேன். நம் நாட்டில் கவனயீனத்துக்கான வழக்கு ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியில் போகிறது. கவனயீனத்தையும் நிறுவவேண்டும், அதனால்தான் இழப்பு நேர்ந்தது என்பதையும் நிறுவவேண்டும். ஒரு பிள்ளையின் மரணம் தொடர்பாக வைத்தியர் பிரியானி சொய்சாவுக்கு எதிராகத் தகப்பன் போட்ட வழக்கில், அவருடைய கவனயீனத்தை ஏற்ற உயர் நீதிமன்றமே, பிள்ளையின் மரணத்துக்கு அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை என்று 2001இல் தகப்பனின் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அப்படியல்ல. யாருடைய பிழை என்று அது கேட்பதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த காயமா என்றே கேட்கிறது. உச்சவரம்பு அப்போது 550,000 ரூபாதான். இரண்டு விரலுக்கும் ஒரு தொழிலுக்கும் அது காணாது என்று எனக்கும் தெரியும். 2022இல்தான் அதை இருபது இலட்சமாக உயர்த்தினார்கள்.

அந்தச் சட்டத்தின் கீழேயே கோரினோம். நாட்கூலிக்கு வந்தவன், என் வேலையாள் இல்லை என்பது முதலாளியின் முதல் எதிர்வாதம். அவருடைய தொழிலுக்காகவே, அவருடைய வாகனத்தில், அவருடைய சாமான்களோடு வந்தவன் என்று காட்டியதும் அது சாய்ந்தது. இரண்டாவதுதான் கடினம். மரணம் நேராத காயங்களில், பாதுகாப்புக்காக வெளிப்படையாகக் கொடுத்த கட்டளையை வேலையாள் வேண்டுமென்றே மீறியிருந்தால் முதலாளி தப்பலாம் என்று அதே சட்டம் ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. சொன்னதற்குச் சாட்சி மற்ற உதவியாள். அவன் இன்னும் அதே முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவன்.

சொல்லவேயில்லை என்று பொடியனை நான் சாதிக்க வைக்கவில்லை. அவனுக்கே நினைவில்லை. சொன்னார் என்றே வைத்துக்கொண்டு, அப்படியானால் எதைப் போடச் சொன்னார் என்று கேட்பது என்று தீர்மானித்தேன்.

அதற்கு முன் தொழிலைப் படிக்கவேண்டியிருந்தது. தொழிற்பயிற்சி நிலையமொன்றில் குளிரூட்டல் படிப்பிக்கும் ஆசிரியர் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார். கசிவு பார்க்க நைதரசன் வேண்டும். அது எண்ணெயோடும் சேராது, செம்போடும் சேராது. குழாயைச் சூடாக்கி ஒட்டும்போதும் உள்ளே மெல்ல நைதரசன் ஓடவேண்டும், இல்லாவிட்டால் உட்சுவரில் செம்பின் கறுப்பு ஒட்சைட்டுப் படிந்து பிறகு உதிர்ந்து அடைக்கும். நைதரசனையும் அப்படியே திறந்துவிட முடியாது. நிரப்பிய சிலிண்டரில் 150 பார் அளவு அழுத்தம் இருக்கும். நடுவில் ரெகுலேட்டர் இல்லாவிட்டால் அதுவே குழாயைப் பிளக்கும். பழைய ஆர்-22 காஸ் 50 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 19 பார், ஆர்-410ஏ 30 பார். எவ்வளவு அழுத்தத்தில் சோதிப்பது என்பதைக் கையால் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. கம்பனித் தகட்டையும் கைநூலையும் பார்க்கவேண்டும். பிறகு ஒட்டுகளில் சவர்க்கார நுரை, முள் இறங்குகிறதா என்ற காத்திருப்பு, நைதரசனைக் கழித்து வெற்றிடம், கடைசியில்தான் காஸ். இன்று வரும் ஆர்-32 தானே தீப்பிடிக்கக்கூடியது என்பதால் இதில் எதையும் தாண்ட முடியாது.

விசாரணையில் முதலாளியிடம் அவருடைய கணக்குப் புத்தகத்தையே கொடுத்தேன்.

"ஒட்சிசன் வாங்கின பற்றுச்சீட்டு இருக்குதா?"

"இருக்கு."

"அசெற்றிலின்?"

"இருக்கு."

"நைதரசன் எந்தப் பக்கத்தில இருக்கு எண்டு காட்டுங்கோ."

புரட்டினார். இரண்டு வருடக் கணக்கு. நைதரசன் இல்லை, ரெகுலேட்டரும் இல்லை.

"அப்ப கசிவு எதால பாக்கிறது?"

சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, போர்க்காலத்தில் கண்டி வீதிச் சோதனைச் சாவடிகளில் ஒரு சிலிண்டருக்கு விளக்கம் சொல்வதே பெரும்பாடு, இரண்டாவதை யார் ஏற்றுவது, அப்படியே பழகிப்போயிற்று என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தன் கையாலும் அதே ஒட்சிசனைப் பலமுறை போட்டிருப்பார், அதிர்ஷ்டம் காப்பாற்றியிருக்கும். ஆனால் அந்தப் பதில் அவருடைய கட்டளையை அவரே கிழித்துப்போட்டது போலாயிற்று. கசிவு பார்த்தே ஆகவேண்டும். பார்ப்பதற்கு ஒட்சிசனைத் தவிர வேறெதுவும் தரப்படவில்லை. மீறாமல் வேலையை முடிக்க வழியே இல்லாத ஒன்றைக் கட்டளை என்று எப்படிச் சொல்வது என்று என் சமர்ப்பணத்தில் கேட்டேன்.

உத்தரவு எங்கள் பக்கம் வந்தது. பொடியன் ஏ.சி. வேலைக்குத் திரும்பவில்லை.

பிறகு உப்புவெளியில் ஒரு ஹோட்டல்காரர் ஏ.சி. பொருத்தும் ஒப்பந்தம் எழுத வந்தார். ரெகுலேட்டரோடு நைதரசன், தகட்டில் உள்ள சோதனை அழுத்தம், 500 மைக்ரோனுக்குக் கீழே வெற்றிடம், ஒவ்வொன்றுக்கும் திகதியும் கையெழுத்தும் என்று எழுதினேன். ஒப்பந்தக்காரர் வாசித்துவிட்டு, "சேர், நைதரசன் காசு ஆர் கணக்கில?" என்றார். ஹோட்டல் கணக்கில் என்று ஒரு வரி சேர்த்தேன். ஹோட்டல்காரர் கொஞ்சம் முணுமுணுத்தார். இருவரும் கையெழுத்திட்டார்கள்.