ஐந்நூறு மடங்கு

அலுவலகத்தில் நான் மார்தட்டிக்கொண்ட "ஐந்நூறு மடங்கு வேகம்" பொய். நியாயமாக அளந்தால் நூறுதான் வரும்.

வேலை இதுதான்: ஜூபிட்டர் நோட்புக்கில் மாண்டல்பிராட் படத்தை வேகமாக வரையவேண்டும். ஒவ்வொரு பிக்சலும் ஒரு எண். சுழியத்தில் தொடங்கி, வர்க்கப்படுத்தி அந்த எண்ணைக் கூட்டு. வந்ததையும் அப்படியே செய். அளவு 2-ஐத் தாண்டினால் அந்தப் புள்ளி வெளியே போய்விட்டது. 1000 சுற்றிலும் தாண்டாவிட்டால் கறுப்பு. நேரத்தைத் தின்பது இந்தக் கறுப்புதான். 3-க்கு 2.5 சட்டகத்தில் ஐந்தில் ஒரு பங்கு கறுப்பு. 1200-க்கு 1000 பிக்சல் படத்தில் அதற்கு மட்டுமே 24 கோடிச் சுற்றுகள். வெறும் பைத்தான் லூப்பில் ஓடவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

நம்பா லைப்ரரியைக் கொண்டுவந்தேன். முதல் அழைப்பில் அது ஃபங்ஷனை இயந்திரக் குறியீடாக மாற்றும். அந்த நேரத்தைக் கணக்கில் கலக்கக்கூடாது என்று தனியே ஒதுக்கினேன். அதில் மட்டும் யோக்கியன். சோதனையின்போது படம் சட்டென்று வரட்டுமென்று மேலே ஒரு செல்லில் 1000-ஐ 200 ஆக்கியிருந்தேன். மறந்துபோனேன். பழைய லூப்பை அளந்தது 1000-இல், புதியதை அளந்தது 200-இல்.

இதுவரை கவனக்குறைவு. காட்டுவதற்கு முந்தின மாலை அந்த 200 கண்ணில் பட்டது. எண் ஏற்கெனவே மேலாளருக்கு மெயிலில் போயிருந்தது. செல்லை மூடிவிட்டேன்.

கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், அந்த ரெண்டு உருண்டையும் தொடுற இடம் தடிச்ச மாதிரி இருக்கே?"

"பிக்சல் கம்மிம்மா, அதான்" என்றேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அவள் பார்த்தது சரி. இதய வடிவமும் அதன் இடப்பக்க வட்டமும் −0.75 என்ற ஒரே புள்ளியில்தான் தொடுகின்றன. அந்த இடுக்கில் புள்ளிகள் வெளியேற நெடுநேரம் பிடிக்கும்: 0.01 உயரத்தில் 315 சுற்று, 0.001 உயரத்தில் 3143. ஆம், ஏறத்தாழ பையின் (π) இலக்கங்கள். 1991-இல் டேவ் போல் கவனித்தது. 200-இல் நிறுத்தினால் அங்கே ஏறத்தாழ 12 பிக்சல் உயரத்துக்குக் கறுப்பு அடைத்துக்கொள்ளும். ஒரு கணித அழகின் மேலேயே தார் பூசிவிட்டு, பழியைப் பிக்சல்மேல் போட்டேன்.

நேர்வழியும் இருந்தது. அந்த இதயமும் வட்டமும் சேர்ந்தாலே கறுப்புப் பரப்பில் 91 சதவீதம். ஒரு புள்ளி அவற்றுக்குள் இருக்கிறதா என்பதைச் சுற்றே இல்லாமல் சின்னச் சூத்திரத்தில் கண்டுபிடிக்கலாம். இப்போது அதைச் சேர்த்து, 1000-ஐத் திரும்ப வைத்து ஓட்டினேன். பழைய லூப்போடு ஒப்பிட்டால் ஐந்நூறைத் தாண்டுகிறது.

பார்த்தீர்களா, சொன்ன எண் சரியாகிவிட்டது என்று முடித்துவிடத்தான் கை பரபரத்தது. அதே சோதனையைப் பழைய லூப்பிலும் போட்டேன். அதுவும் வேகமெடுத்தது, நம்பாவின் பங்கு மறுபடி நூறுக்கே இறங்கிவிட்டது. மெயிலில் இதைத் திருத்தி அனுப்பிவிட்டேன். அந்தப் பெண்ணிடம் இன்னும் சொல்லவில்லை.