அவசரப்பட்டால் விரலில் விழும்



தரம் 3இல் ஒரு மகன் இருக்கிறார். கேள்வியை முடிக்க முதலே பதில் சொல்லுவார், வரிசையில் நிற்கமாட்டார், நடந்தால் மேசையில் மோதுவார். போன தவணை நாங்கள் அவரைப் பலமுறை வெளியே நிறுத்தினோம். சொல்ல வெட்கம்தான். அங்கே நின்றும் கதவில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய உம்மா 'இன்டராக்டிவ் மெட்ரோனோம்' என்று ஒரு பயிற்சியைப் போனில் காட்டினார். ஹெட்ஃபோனில் நிமிடத்துக்கு 54 தட்டு கேட்கும். பிள்ளை அதோடு சேர்ந்து கைதட்ட வேண்டும். எவ்வளவு முந்தியது, பிந்தியது என்று கம்பியூட்டர் சொல்லும். 2001இல் அமெரிக்காவில் வந்த ஆய்வொன்றில், கவனக்குறைபாடுள்ள 56 ஆண் பிள்ளைகளில் இதைச் செய்தவர்கள், வீடியோ கேம் விளையாடியவர்களை விட முன்னேறியிருந்தார்கள். ஆனால் கருவியை உருவாக்கியவரும் அந்த ஆய்வை எழுதியவர்களில் ஒருவர். கடன்பட்டு ஓட வேண்டாம் என்றோம்.

எங்களுக்கு ஞாபகம் வந்தது பொல்லடி. அட்டாளைச்சேனையில் கல்விக் கல்லூரியில் படித்த காலத்தில் பார்த்தது. வட்டமாக நிற்பார்கள், கையில் பொல்லு, அண்ணாவியார் பாட்டெடுப்பார், மெதுவாகத் தொடங்கி வேகம் கூடும். தன் பொல்லை மட்டும் பார்த்தால் சரிவராது. எதிரில் நிற்பவரின் பொல்லு வரும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் விரலில் விழும்.

பழைய பேப்பரை இறுக்கிச் சுருட்டி டேப் ஒட்டினோம். காலையில் துஆ ஓதியதும் ஐந்து நிமிடம், சோடி சோடியாக. இசை கூடுமா என்று ஒரு வாப்பா கேட்டார். வந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார், கடதாசிச் சத்தம்தானே.

முதல் கிழமை ஒரே அமளி. அந்த மகன் முந்தி முந்தியே அடித்தார், சோடிப் பிள்ளை அழுதது. மூன்றாம் கிழமை உதட்டுக்குள் எண்ணத் தொடங்கினார். இப்பவும் கணக்குப் பாடத்தில் பாதியில் எழும்பி ஓடுவார். ஆனால் போன செவ்வாய் கேள்வி முடியும்வரை வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பதில் பிழை, அது வேறு கதை.

பேப்பர் பொல்லு வைத்தியத்துக்குப் பதிலில்லை. உம்மா லேடி றிஜ்வே ஆஸ்பத்திரியில் காட்டப் போகிறார், நாங்களும் கடிதம் கொடுத்திருக்கிறோம்.

ஒரு உதவி. எங்களுக்கு இரண்டு அடிதான் தெரியும், பிள்ளைகளுக்கு அது அலுத்துவிட்டது. பம்பலப்பிட்டி ஃப்ளாட்ஸிலோ வெள்ளவத்தையிலோ கிழக்கிலிருந்து வந்த, பொல்லடி தெரிந்த மாமாமார் இருந்தால் ஒரு காலை வகுப்புக்கு வர ஏலுமா? இன்பொக்ஸில் சொல்லுங்கள்.